முன்பணம் வாங்கினால், நேரம் குறித்துவிட்டு வராதவர்கள் குறைவார்களா?

நீங்கள் தனி ஆளாக ஓர் அழகு நிலையம் நடத்துகிறீர்கள். வாரத்துக்கு நாலைந்து பேர் நேரம் குறித்துவிட்டு வருவதில்லை, வரவில்லை என்று சொல்வதும் இல்லை. முன்பணம் வாங்க ஆரம்பிக்கலாமா, எவ்வளவு வாங்கலாம், பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, வருகிறவர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி நடந்துகொள்ளவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா? இருக்கிறது. நான் 14 வருடம் ஒரு பிசியோதெரபி மையம் நடத்தினேன். அதில் 9 வருடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன், முதலில் தப்பாக, பிறகு திருத்திக்கொண்டு. இப்போது அப்பாயின்ட்மென்ட் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு புக்கிங் முறை அமைத்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முன்பணத்தை நஷ்ட ஈடாக நினைத்தால் ஆரம்பமே கோணலாகிவிடும். வராதவரிடமிருந்து கையில் நிற்கிற சின்னத் தொகை, வீணாய்ப் போன ஒரு மணி நேரத்துக்கு ஒருநாளும் ஈடாகாது. அதன் நிஜமான வேலை வேறு: வர முடியாதவரை முன்னாடியே வாய் திறக்க வைப்பது. நாளை மறுநாள் 4 மணி காலியாகிறது என்று இன்றைக்கே தெரிந்தால் அந்த நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். 4 மணிக்கு உட்கார்ந்து 4.20-க்குத் தெரிந்துகொண்டால் அந்த நேரம் போனதுதான். அதனால் ஒரு விதி சரியா தப்பா என்று குழம்பும்போதெல்லாம், ‘இது அவரைச் சீக்கிரம் சொல்ல வைக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். என் கணக்கில் நல்ல முன்பண முறை என்பது, பிடித்துக்கொள்ளும் தொகை மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வருகிற முறை.

அடுத்து, ஏன் வராமல் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மருந்து அதைப் பொறுத்தது. நான் பார்த்தவரை மூன்று விதம். மறந்துவிடுகிறவர்கள் ஒரு விதம், இவர்கள்தான் அதிகம். வர முடியாது என்று தெரிந்தும் சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுகிறவர்கள் இரண்டாவது விதம். போகலாமா வேண்டாமா என்ற அரை மனதோடு இரவு படுக்கையில் போனைத் தட்டி புக் செய்தவர்கள் மூன்றாவது. முன்பணம் மூன்றாவது விதத்தினரிடம் நன்றாக வேலை செய்யும். பணம் கட்டச் சொன்னதும் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், நிற்பதும் நல்லதுதான். இரண்டாவது விதத்தினரிடம், சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று இருந்தால் வேலை செய்யும். முதல் விதத்தினரிடம் அது கிட்டத்தட்ட பயனற்றது. மறந்தவருக்குத் தான் முன்பணம் கட்டியதும் சேர்ந்தே மறந்துபோகும். அவர்களுக்கு வேண்டியது நினைவூட்டல்.

நினைவூட்டல் பலன் தரும் என்பதில் சந்தேகமே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் என்ற அமைப்பு, மருத்துவமனைகளில் நடந்த பல சோதனைகளைத் தொகுத்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, குறுஞ்செய்தி அனுப்பினால் வருகை கூடுகிறது, போன் செய்து நினைவூட்டுவதற்கு அது ஏறத்தாழ ஈடாகவே இருக்கிறது என்று காட்டியது. செய்தியில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். லண்டனில் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தில் நடந்து 2015-ல் வெளியான சோதனை ஒன்றில், வழக்கமான நினைவூட்டல் போனவர்களில் 11.1 சதவீதம் பேர் வரவில்லை. வராவிட்டால் மருத்துவ சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவாகிறது என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியவர்களில் அது 8.4 சதவீதமாகக் குறைந்தது. யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை, ஒரு வரிதான் மாறியது. நீங்கள் இதுவரை நினைவூட்டல் அனுப்பவில்லை என்றால் முன்பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை ஆரம்பியுங்கள். இரண்டு நாள் முன்னால் ஒன்று, அன்றைக்குக் காலையில் ஒன்று போதும். இரண்டு நாள் முன்னால் போகிற செய்தியில் ‘வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வார்த்தைகளை நான் சேர்த்த பிறகுதான் கூச்சக்காரர்கள் பதில் போட ஆரம்பித்தார்கள். ஒருவரைப் பொய் சொல்ல வைக்காமல் கேன்சல் செய்யவிடுவது இருவருக்குமே மரியாதை.

சரி, நினைவூட்டல் எல்லாம் செய்தும் இன்னும் ஓட்டை இருக்கிறது என்றால் முன்பணத்துக்கு வரலாம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீஸி, ஆல்டோ ரஸ்டிசினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ‘டீச்சரைக் காக்க வைக்கிறோமே’ என்ற குற்ற உணர்ச்சி இருந்த இடத்தில் ‘அதற்குத்தான் காசு கட்டுகிறோமே’ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பணம் ரொம்பச் சின்னதாக இருந்தால் இங்கேயும் அதே கதைதான். வராமல் இருப்பதற்கு நீங்களே ஒரு மலிவு விலை வைத்துவிட்டது போல ஆகிவிடும். முன்பு சங்கடத்தோடு போன் செய்து சொன்னவர்கூட, ‘அந்தக் காசை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடுவார். இதை நானே என் மையத்தில் பார்த்தேன். முதலில் பெயருக்கு ஒரு தொகை வாங்கினேன். வராதவர்கள் எண்ணிக்கை குறையாததோடு, வரவில்லை என்று சொல்கிறவர்களும் குறைந்துபோனார்கள்.

பயந்துபோய் அடுத்த பக்கம் சாய்ந்தேன், முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்டேன். வராதவர்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போனார்கள், உண்மை. புதிதாக வருகிறவர்களும் அதே வேகத்தில் குறைந்தார்கள். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். வாரம் 40 புக்கிங், 5 பேர் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம், ஆக 35 பேருக்கு வேலை செய்கிறீர்கள். முன்பணம் கேட்டதால் 4 பேர் புக் செய்யாமலே போய், மீதி 36 பேரில் 2 பேர் வராமல் இருந்தால் 34 பேர். வராதவர்கள் பாதிக்கும் மேல் குறைந்தும் வேலை ஒன்று குறைந்துவிட்டது. ஆனால் காத்திருப்போர் பட்டியல் இருக்கிற இடத்தில் அந்த 4 இடத்தை வேறு 4 பேர் உடனே நிரப்புவார்கள், அப்போது 38. இன்னொன்று, விலகிப்போன அந்த 4 பேரில் சிலர் எப்படியும் வந்திருக்கமாட்டார்கள், அந்த மட்டில் நஷ்டமும் குறைவு. டைரி நிரம்பி வழிகிறவர்களுக்கு முன்பணம் வரம். டைரி பாதி காலியாக இருக்கிறவர்கள் யோசித்துக் காலெடுத்து வைக்க வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேள்வியில் சொல்லவில்லை. உங்கள் பதிலை முடிவு செய்யப்போவது அதுதான்.

அதனால் எல்லோரிடமும் வாங்காதீர்கள். நான்கு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள்: வராதவர் புதியவரா பழையவரா, எத்தனை நாள் முன்னால் புக் செய்தார், எவ்வளவு நேர வேலை, சொன்னாரா சொல்லவில்லையா. வெகுநாள் முன்னால் குறித்த நேரமும், ஏற்கெனவே ஒரு முறை வராமல் போன ஆளும்தான் அதிகம் தவறுகிறார்கள் என்பது மருத்துவமனை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. உங்கள் நோட்டும் பெரும்பாலும் அதையே சொல்லும். அப்படியானால் முதல் முறை வருகிறவர்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற வேலைகள், கூட்டம் அதிகமான நாட்கள், முன்பு ஒரு தடவை சொல்லாமல் இருந்துவிட்டவர்கள், இவர்களிடம் மட்டும் வாங்கினால் போதும். அரை மணி நேர வேலைக்கு வருடக்கணக்காக வருகிறவரிடம் முன்பணம் கேட்பதில் லாபம் ஒன்றும் இல்லை, மனக்கசப்புதான் மிஞ்சும்.

எவ்வளவு என்றால், என் அனுபவத்தில் வேலையின் கட்டணத்தில் 20-லிருந்து 30 சதவீதம். நீண்ட வேலைக்கும், பொருள் முன்கூட்டி வாங்கித் தயார் செய்ய வேண்டிய வேலைக்கும் பாதி வரை போகலாம். இது கல்லில் எழுதிய எண் அல்ல. ‘போனால் போகட்டும்’ என்று விட முடியாத அளவுக்குப் பெரிதாக, கட்டும்போது கை தயங்காத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் முழுப் பணமும் திரும்பும் என்பதை அடுத்தவரைப் பார்த்து வைக்காதீர்கள். காலியான ஓர் இடத்தை நிரப்ப உங்களுக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் உங்கள் கெடு. ஒரே நாளில் நிரப்பிவிடுவீர்கள் என்றால் 24 மணி நேரம் போதும். அதற்கு 72 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு நாள் முன்னால் தெரியவந்தவர் ‘எப்படியும் பணம் போச்சு’ என்று பேசாமல் இருந்துவிடுவார். உங்களுக்கு வேண்டிய தகவலை உங்கள் விதியே தடுத்துவிடும். கெடு தாண்டிச் சொன்னவருக்கும் ஏதாவது கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். நான், கெடு தாண்டினாலும் வேலை ஆரம்பிக்கும் முன் சொல்லிவிட்டால் ஒரு முறை மட்டும் அந்தப் பணத்தை அடுத்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். நான் செய்த திருத்தங்களில் அதிகம் பலன் கொடுத்தது இதுதான்.

பணம் கட்டிய சூடு ஆறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜான் கூர்வில், திலீப் சோமன் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டணம் கட்டுகிற உடற்பயிற்சிக்கூட உறுப்பினர்கள், கட்டிய மாதம் அதிகம் வந்து பிறகு போகப்போகக் குறைந்தார்கள். இரண்டு மாதம் முன்னால் கட்டிய முன்பணமும் அப்படித்தான், அந்தப் பணம் போனதாகவே மனதில் கணக்கு முடிந்திருக்கும். அதனால் நினைவூட்டல் செய்தியில் பணத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘நீங்கள் கட்டிய முன்பணம் எங்களிடம் இருக்கிறது, வியாழக்கிழமை பில்லில் கழித்துக்கொள்வோம். நேரம் மாற்ற வேண்டுமானால் புதன்கிழமை 4 மணிக்குள் சொல்லுங்கள், பணம் அப்படியே இருக்கும்.’ இதில் மிரட்டல் இல்லை, ஆறிப்போனது மறுபடி சூடாகும்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். டெபாசிட் என்றால் நம் காதில் அது முழுசாகத் திரும்பி வருகிற பணம். அட்வான்ஸ் என்றால் பில்லில் கழிகிற பணம். நாம் வாங்குவது இரண்டும் அல்லாமல், பழைய பேச்சில் அச்சாரம் என்பார்களே, அதற்குத்தான் கிட்டத்தில் வரும். பேச்சு உறுதி என்பதற்குக் கொடுப்பது, கொடுத்தவர் பின்வாங்கினால் போய்விடுவது. எந்தச் சொல்லைப் போட்டாலும், எப்போது கழியும், எப்போது திரும்பும், எப்போது திரும்பாது என்ற மூன்றையும் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். வேறு பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1590-ஆம் பிரிவு, அச்சாரம் கொடுத்தவர் விலகினால் அதை இழப்பார், வாங்கியவர் விலகினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும் என்கிறது. விற்பனை ஒப்பந்தத்துக்கு எழுதிய விதி அது, உங்களைக் கட்டாது. ஆனாலும் அதில் இருக்கிற நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் நீங்கள் கேன்சல் செய்தால், அவர் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கே முழுப் பணத்தையும் அனுப்பிவிடுங்கள், அடுத்த முறை ஏதாவது குறைத்தும் வாங்குங்கள். இதையும் விதியில் எழுதி வையுங்கள். விதி இரண்டு பக்கமும் வெட்டும் என்று தெரிந்தால் யாரும் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்வதில்லை.

பணம் வாங்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டில் பணத்தை எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைக்கிற முறை பெரும்பாலும் ஒரு வாரம்போலத்தான் நிற்கும், ஒரு மாதம் கழித்து வருகிற நேரத்துக்கு உதவாது. கார்டு எண்ணைச் சேமித்து வைத்து, வராதபோது எடுப்பது வசதிதான். ஆனால் தான் பொத்தானை அழுத்தாமல் போன பணத்தைப் பார்த்து வங்கியில் புகார் கொடுக்கிறவர்கள் அதில் அதிகம். அதனால் புக் செய்யும்போதே அவரே கட்டுவது சுத்தம். எந்த வழியானாலும் விதிக்கு அவர் ஒப்புக்கொண்ட தேதி, நேரம், நீங்கள் அனுப்பிய நினைவூட்டல் எல்லாம் பதிவில் இருக்கட்டும், வங்கி கேட்கும்போது அதுதான் பேசும். பணத்தைத் திருப்பும்போது பல சேவை நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைத் திருப்புவதில்லை, அதையும் கணக்கில் சேருங்கள். வேலை முடிகிற வரைக்கும் முன்பணம் உங்கள் வருமானம் அல்ல, நீங்கள் தர வேண்டிய கடன் என்றே கணக்கில் எழுத வேண்டும். தனிக் கணக்கில் போட்டு வைத்தால் திருப்பும்போது கை கடிக்காது.

பழைய வாடிக்கையாளர்கள் கோபிப்பார்களா என்றால், கோபம் பணத்தால் வருவதில்லை. ‘இத்தனை வருடம் வந்தும் என்னை நம்பவில்லையா’ என்பதால் வருகிறது. அவர்களை விதியிலிருந்து விலக்கி, விலக்கியதை அவர்களிடமே சொல்லுங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: ‘அடுத்த மாதம் முதல் புதிதாக வருகிறவர்களிடமும் நீண்ட நேர வேலைகளுக்கும் முன்பணம் வாங்கப்போகிறோம். காலியாகப் போகிற நேரங்களால் உங்களுக்கு வேண்டிய நேரம் கிடைக்காமல் போகிறது, அதைச் சரிசெய்யத்தான் இது. உங்களுக்கு இது பொருந்தாது. வர முடியாத நாளில் வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.’ இரண்டே பேர் விளக்கம் கேட்டார்கள், ஒருவரும் போகவில்லை. ஏற்கெனவே புக் செய்தவர்களிடம் நடுவில் பணம் கேட்காதீர்கள். அறிவித்த தேதிக்குப் பிறகு வரும் புக்கிங்குக்கு மட்டும் வையுங்கள்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நினைவூட்டல் வேலை செய்யும், உறுதி. அரை மனதுக்காரர்களை முன்பணம் வடிகட்டும், இதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முன்பணத்தால் இத்தனை சதவீதம் குறையும் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த எண் பெரும்பாலும் புக்கிங் மென்பொருள் விற்கிறவர்களிடமிருந்து வருவது. பணம் சம்பந்தப்பட்ட கவனமான சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை. டென்மார்க்கில் ஒரு பொது மருத்துவமனையில், நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வராவிட்டால் அபராதம் என்று கடிதத்தில் சொல்லிப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவில் இரண்டு குழுவிலும் வராதவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான், வித்தியாசம் இல்லை. பிறகு வசூலிக்கிற அபராதம் வேறு, முன்னால் கட்டுகிற பணம் வேறு என்பதாலும், அங்கே வராதவர்கள் முதலிலேயே குறைவு என்பதாலும், இது உங்கள் கேள்விக்கு நேர் பதில் ஆகாது. ஆனால் ஏற்கெனவே 5 சதவீதத்தில் இருக்கிறவர்கள் இந்தத் தலைவலியை இழுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டிய பணத்தை எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்பதில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் விதியின் வாசகத்தை அங்கே உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்புறம், இதைப் படிக்கிற மருத்துவத் துறைக்காரர்களுக்கு: வலியோடு வருகிறவரிடம் இதை அப்படியே பொருத்தாதீர்கள். அதிகம் தவறுகிறவர்களில் பலர் பணத்துக்கும் நேரத்துக்கும் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள். நான் நீண்ட கால சிகிச்சையில் இருந்தவர்களிடம் கடைசிவரை வாங்கவில்லை.

ஒரு சம்பவம் இன்னும் மனதில் இருக்கிறது. முழுத் தொகை வாங்கிய காலத்தில் ஒரு பெண் வரவில்லை. விதிப்படி பணத்தைப் பிடித்துக்கொண்டு, விதிப்படி ஒரு செய்தியும் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்ததாகப் பதில் வந்தது. உடனே பணத்தைத் திருப்பினேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் நன்றி சொன்னார், மறுபடி வரவில்லை. அதற்குப் பிறகு யாராவது வரவில்லை என்றால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நானே போன் செய்வேன். ‘உங்களைக் காணோமே, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்பேன். உடம்பு முடியவில்லை, வீட்டில் துக்கம் என்றால் பணம் அன்றே திரும்பும், சான்று கேட்கமாட்டேன். மறந்துவிட்டேன் என்றால், ‘பரவாயில்லை, இந்த முன்பணம் இன்றைய நேரத்துக்குப் போய்விட்டது, அடுத்த நேரம் எப்போது போடட்டும்?’ என்று அதே குரலில் கேட்பேன். நீங்களும் முதல் தடவை பணத்தைப் பிடிக்க வேண்டி வரும்போது அதைச் செய்தியாக அனுப்பாமல் போனில் சொல்லுங்கள். அந்த நேரம் எப்படியும் காலிதான், கூப்பிட ஐந்து நிமிடம் இருக்கும்.